நட்டுக்கு ஓர் இலை

செத்துப்போன என் கூட்டாளி தங்கப்பழத்தின் அம்பாசிடர் காரைப் பிரித்து முடிக்க எங்களுக்கு நாற்பத்தாறு நாளும், பன்னிரண்டு மூட்டை அரிசியும், ஒரு தோப்பு வாழை இலையும், அவன் மனைவி செல்லக்கனி மைனியின் வலது மணிக்கட்டும் செலவாயின என்று நான் சொன்னால், வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு அந்த வண்டி அவ்வளவு பெரியதா என்று கேட்கிறார்கள். பெரியதெல்லாம் இல்லை, எல்லா அம்பாசிடரும் இருக்கிற அளவுதான். அவனுடைய பிடிவாதம்தான் பெரியது. உயிரோடு இருந்தவரைக்கும் சகித்துக்கொண்டோம், செத்த பிறகும் சகிக்க வேண்டியிருந்ததுதான் கொடுமை.

தேரிக்காட்டுச் செம்மண் தொடங்கும் இடத்தில் இருக்கிற எங்கள் கொம்புக்காரன்விளையில் வாழைக்காய் கமிஷன் கடை வைத்திருந்த தங்கப்பழத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் தெரியும்: சாப்பிட்டியா? பஸ்ஸைத் தவறவிட்டவனிடம் கேட்பான், மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவனிடம் கேட்பான், அவன் மேலேயே கேஸ் போட்டுவிட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்கிறவனிடமும் கேட்பான். சாப்பிட்டாச்சு என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். இரண்டு தெரு தள்ளி வரும்போதே ஹாரன் அடிப்பான். வண்டிக்குள் எத்தனை வாய் இருக்கிறதோ அத்தனை ஹாரன், தன் வாயையும் சேர்த்து. அதை எண்ணித்தான் மைனி உலையில் அரிசி போடுவாள். ஐந்து அடித்தால் ஐந்து, ஒன்பது அடித்தால் ஒன்பது. முப்பத்தாறு வருடத்தில் ஒற்றை ஹாரன் அந்தத் தெருவில் கேட்டதில்லை, ஏனென்றால் அவன் தனியாக வீட்டுக்கு வந்ததே இல்லை.

வருகிறவர்கள் வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே என்று வீட்டு முன்வாசலில் எட்டுத் தூண் வைத்து ஒரு பந்திக் கொட்டகை கட்டினான். கட்டி முடித்து, கான்கிரீட் காய்ந்து, மறுநாள் காலையில் வண்டியை எடுக்கப் போனபோதுதான் வண்டி உள்ளே நிற்கிறது, தூண்கள் வெளியே நிற்கின்றன, நடுவில் ஒரு மாடுதான் நுழையலாம் என்பது அவனுக்குத் தெரிந்தது. கொத்தனாருக்குத் தெரியவில்லை, பக்கத்திலேயே நின்ற எனக்கும் தெரியவில்லை, மூன்று வேளையும் அவன் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்ததில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. "பரவால்ல வே, கொட்டகைதான் முக்கியம்" என்றான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆட்களை நடத்தியே கூட்டிவந்து, பக்கத்துச் சந்து வழியாக முற்றத்துக்குள் போய், நின்ற வண்டியின் ஜன்னலில் கையை விட்டு ஹாரன் அடித்தான். அதற்காகவே பேட்டரிக்கு மாதம் தவறாமல் சார்ஜ் ஏற்றினான்.

அவன் வாங்கிய அதே வருடம் அதே வெள்ளை நிறத்தில் நான் வாங்கிய அம்பாசிடர் என் தென்னந்தோப்பில் மூன்று வருடமாகச் செத்துக் கிடந்தது. அவன் சாகக் கிடந்த அன்று என் கையைப் பிடித்து, "என் வண்டியப் பிரிச்சு ஒன் வண்டியில போடு வே லிங்கதுரை, ரெண்டுல ஒண்ணாவது ஓடட்டும்" என்றான். நான் அழுதேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டான். அதுதான் கடைசிப் பேச்சு. அவனுக்குப் புகட்டக் கஞ்சித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்த மைனி தம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

நான் அவனைவிட நாலு மாதம் இளையவன் என்பதால் அவளுக்குக் கொழுந்தன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"கொழுந்தனாரே, முப்பத்தாறு வருசம் பொங்கியாச்சு. இனி எனக்கு அடுப்பே வேண்டாம். தென்காசியில எங்க அக்கா வீட்டுல அத்தான்தான் சமையல். அங்க போயி ஒருத்தர் போடுத சோத்தத் தின்னுட்டுக் கெடக்கப் போறேன். ஒங்க வண்டி ஓடுத அன்னைக்கு மொதச் சவாரி எனக்கு. ஆனா இந்த வண்டியில ஒரு ஆணிகூட இங்க கெடக்கக் கூடாது. அந்த ஹாரன் கெடக்கவே கூடாது. அது இந்த வீட்டுல இருக்கவரைக்கும் என் கை அரிசிப் பானைக்குப் போய்க்கிட்டே இருக்கும்."

ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் மைனி என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு அறை அறைய வேண்டும்போல இருக்கிறது.

மறுநாள் காலையில் மெக்கானிக் ஞானதிரவியத்தைக் கூட்டிப்போனேன். முப்பது வருடமாக அம்பாசிடர் தவிர வேறு வண்டியைத் தொடாதவன், சர்க்கரை வியாதிக்காரன், எதையும் அளந்து சாப்பிடுகிறவன். பானெட்டைத் தூக்கி, கார்புரேட்டரின் முதல் நட்டில் ஒன்பது மணிக்கு ஸ்பானரை வைத்தான். பதினோரு மணிக்கும் அதே நட்டில்தான் வைத்திருந்தான். மண்ணெண்ணெய் ஊற்றினான், சுத்தியலால் தட்டினான், ஸ்பானரில் இரும்புக் குழாயைச் சொருகி என்னைத் தொங்கச் சொன்னான், நானும் தொங்கினேன். மைனி வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"வெறும் வயித்தோட ஏன் தொங்குதிய? ரெண்டு பேரும் வந்து ரெண்டு தோசையத் தின்னுட்டுத் தொங்குங்க."

தின்றோம். திரும்பி வந்து ஞானதிரவியம் கை வைத்ததும் நட்டு விரலிலேயே சுழன்று வந்தது. இரண்டாவதும் அப்படியே வந்தது. மூன்றாவது வரவில்லை. மத்தியானம் சோறு தின்றதும் இன்னும் இரண்டு வந்தன, அதோடு நின்றது. ஞானதிரவியம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, டயருக்கு இவ்வளவு காற்று என்று சொல்வதைப்போல, "அண்ணாச்சி, இது நட்டுக்கு ஒரு ஆள் கணக்கு. எனக்குச் சர்க்கரை கெடக்கு. நாளைக்கு ஆளு கூட்டியாங்க" என்றான்.

ஊரில் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. தங்கப்பழம் வேறென்ன செய்வான் என்றார்கள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்கள், சிலர் வரும்போதே வெற்றிலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். நாலாம் நாள் கொட்டகையில் முப்பது இலை விழுந்தது, பத்தாம் நாள் ஐம்பது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் குணசீலி டீச்சர், தலைகளை எண்ணிப் பழகியவள் என்பதால், ஒரு நோட்டுப் போட்டு யார் சாப்பிட்டு எது கழன்றது என்று எழுத ஆரம்பித்தாள். அந்த நோட்டில்தான் விவரங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. ஒரு டீக்கு ஸ்க்ரூ கழலும், டிபனுக்குச் சின்ன நட்டு, முழுச் சாப்பாட்டுக்குப் பெரிய போல்ட்டு, எஞ்சினைத் தாங்குகிற போல்ட்டுகளுக்குப் பாயசம் வேண்டும். வீட்டிலேயே சாப்பிட்டாச்சு என்று பொய் சொல்லி எழுந்தவனால் ஏற்கெனவே இளகியிருந்த நட்டுகூட இறுகிப்போனது. பேசாமல் இருந்த பங்காளிகள் இருவர் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஊறுகாயை இவன் அவன் பக்கம் தள்ளிவைத்தபோது கியர்பாக்ஸ் மொத்தமாகக் கீழே இறங்கி, நல்லவேளையாக ஞானதிரவியத்தின் காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

மைனியைக் காப்பாற்றலாம் என்று நான் பஸ் ஸ்டாண்டு ஓட்டலிலிருந்து நாற்பது பரோட்டா வாங்கிவந்தேன். நாற்பது பேர் தின்றார்கள், ஒரு ஸ்க்ரூ அசையவில்லை. கல்யாணச் சமையல்காரரைக் கூட்டிவந்து அண்டாவில் பிரியாணி போட்டேன். அதற்கும் அசையவில்லை, பிரியாணி மட்டும் தீர்ந்தது. மற்ற பெண்கள் காய் நறுக்கலாம், தேங்காய் துருவலாம், ஆனால் கரண்டியை மைனி பிடித்திருக்க வேண்டும் என்று நோட்டைப் பார்த்து டீச்சர் சொன்னாள். மைனி கரண்டியை அண்டாவுக்குள் எறிந்தாள்.

"செத்தும் விடமாட்டேங்காகளே இந்த மனுசன்! அடுப்படியிலேயே என்னையும் பொதைச்சிட்டுப் போயிருக்கலாம்லா?" என்று முற்றத்தில் நின்ற வண்டியைப் பார்த்துக் கத்தினாள். பிறகு கரண்டியைத் துழாவி எடுத்து, கழுவி, மறுபடி கிண்ட ஆரம்பித்தாள். தென்காசிக்குப் போக வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

இருபதாம் நாளுக்குள் ஊருக்கு இது பழகிவிட்டது, அதுதான் எனக்கு ஆத்திரம். மத்தியானம் எந்த வீட்டிலும் புகை வரவில்லை. நேற்றைக்குச் சாம்பாரில் உப்பு கம்மி என்று குறை சொன்னார்கள், வெள்ளிக்கிழமை வடை இருக்குமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள், சீட்டுக் கம்பெனி வசூலுக்கு வந்தவன் எங்கள் ஊரைக் கடைசியில் வைத்துக்கொண்டு ஒரு மணிக்குச் சரியாக வந்தான். பின்சக்கரத்தில் முதல் நாள் கழற்றி டப்பாவில் போட்ட நாலு நட்டுகள் மறுநாள் காலையில் மறுபடி மாட்டியிருந்தபோது, ஆவியின் வேலை என்று பேசினார்கள். ஆவியாவது மண்ணாவது! மூன்றாம் தெரு நாராயணவடிவு ஸ்பானரோடு சுவரேறிக் குதித்ததை நானே பார்த்தேன். சட்டையைப் பிடித்தேன். "அண்ணாச்சி, பெஞ்சாதி செத்ததிலேர்ந்து நான் சூடாச் சாப்பிட்டதே இல்ல" என்றான். விட்டுவிட்டேன். ஆனால் அந்த நாலு நட்டுக்கும் அவனை நாலு நாள் இலைபோட்டு, இலையெடுத்து, அண்டா கழுவ வைத்தேன்.

இப்படியாக ரேடியேட்டர் என் தோப்புக்குப் போனது, எஞ்சின் போனது, ஆக்ஸில் போனது, கதவுகளும் சீட்டுகளும் மேல்கூடும் போயின, என் வண்டி அங்கே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது, இவன் வண்டி இங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, நாற்பதாம் நாள் முற்றத்தில் மிஞ்சியது செங்கல்மேல் நின்ற முன்பக்கத்துக் குறுக்குத் தகடும் அதில் ஒற்றை போல்ட்டில் தொங்கிய ஹாரனும்தான். பத்தாம் நம்பர் போல்ட்டு, சுண்டுவிரல் நகம் அளவு. டீ போதும் என்றாள் டீச்சர்.

டீ போதவில்லை. டிபன் போதவில்லை. பாயசத்தோடு மூன்று பந்தி போட்டும் அசையவில்லை. தகட்டோடு தூக்கிப்போகலாம் என்றால் நாலு பேர் சேர்ந்தும் அது இம்மியும் எழும்பவில்லை, அறுத்துவிடலாம் என்று கேஸ் கட்டர் கொண்டுவந்தான் ஞானதிரவியம், நெருப்பு போல்ட்டுக்கு ஒரு சாண் முன்பே பசித்தவன் முகம் மாதிரி வாடி அணைந்தது. ஊரில் இன்னும் யார் சாப்பிடவில்லை என்று டீச்சர் நோட்டைப் புரட்டினாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாசானமுத்துத் தாத்தாவைக் கட்டிலோடு தூக்கிவந்து ரசஞ்சாதம் ஊட்டினார்கள், ஆறு மாதக் குழந்தைக்கு அங்கே வைத்தே முதல் சோறு கொடுத்தார்கள், கடைசியில் திருச்செந்தூர் பஸ்ஸை மறித்து டிரைவர், கண்டக்டர், முப்பத்திரண்டு பயணிகள் எல்லாரையும் இறக்கி உட்கார வைத்தார்கள். பெயர்ப் பட்டியலில் டிக் போடாத ஆள் இல்லை. போல்ட்டு அப்படியே இருந்தது.

"ஹாரன் கடையில கெடைக்கும் மைனி, இது கெடந்துட்டுப் போகட்டும்" என்று கெஞ்சினேன்.

"போகட்டுமா? ஒங்களுக்கு அது ஹாரன். நான் முப்பத்தாறு வருசம் காது குடுத்து எண்ணுனவ. ஒரு நாளாவது ஒத்தையா அடிச்சிர மாட்டாகளா, ரெண்டு பேருக்கு மட்டும் பொங்குவோமான்னு எண்ணிக்கிட்டே இருந்தவ. அதக் கழத்தாம நான் இந்த வாசல் தாண்டமாட்டேன்."

நாற்பத்தைந்தாம் நாள் ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கும்போது மைனியின் கை தளர்ந்து, கொதிக்கிற கஞ்சி வலது மணிக்கட்டில் கொட்டிவிட்டது. டாக்டர் கட்டுப்போட்டு, பத்து நாள் கையை நனைக்கக் கூடாது என்றார். ஊர் கொஞ்ச நேரம் கொட்டகையில் நின்று வருத்தப்பட்டது, பிறகு முனகிக்கொண்டே வீட்டுக்குப் போய் அடுப்பைத் தேடிப் பற்றவைத்தது.

மறுநாள் மத்தியானம் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சமையற்கட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் யாராவது என்னிடம் கேட்கிற கேள்வி அன்று வரவில்லை. அந்த இடைவெளியில், நானாக யோசிக்காமல், என் வாய் கேட்டது.

"சாப்பிட்டியளா மைனி?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நேத்துக் காலையில தின்னது. ஒருத்திக்குன்னு யாரு பொங்குவா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாற்பத்தாறு நாளாக ஊரே தின்று தீர்த்துவிட்டுப் போயிருக்கிறது, பொங்கினவள் ஒன்றரை நாளாகப் பட்டினி கிடக்கிறாள், ஒரு மூதேவிக்கும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவரத் தோன்றவில்லை. அப்புறம்தான் அந்த மூதேவிகளில் நானும் ஒருவன் என்பது உறைத்தது. முப்பத்தாறு வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இவள் எப்போது சாப்பிடுவாள், எங்கே உட்காருவாள், மிச்சம் இருக்குமா இருக்காதா, எதுவும் எனக்குத் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனேன்.

அதுவரை வெந்நீர்கூட வைத்ததில்லை நான். சோறு அடியில் பிடித்தது, ரசத்தில் புளி தூக்கியது, அப்பளம் கருகியது, உள்ளே ஒரே புகை. அதனால் பந்திக் கொட்டகையில் பாய் விரித்து ஓர் இலை போட்டேன். அங்கே அவள் உட்காரத் தயங்கினாள். அந்தக் கொட்டகையில் குனிந்து பரிமாறியே பழகியவள், உட்கார்ந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியாததுபோல எதிர்த் தூணையே பார்த்தாள். நான் பரிமாறினேன். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து ஒரு வாய் தின்றாள்.

"புளி ஜாஸ்தி."

"சரி மைனி."

"சோத்துல தீஞ்ச வாடை."

"ஆமா மைனி."

இன்னும் நாலு வாய் தின்றாள். பிறகு இலையை என் பக்கமாக லேசாகத் தள்ளி, "இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்றாள்.

போட்டேன். முற்றத்தில் டங்கென்று சத்தம். போல்ட்டு தானாகக் கழன்று, ஹாரன் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். மைனி அசையவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து ரசத்தில் விழுந்தது, முகத்தில் மட்டும் அப்படி ஒரு கோபம்.

"தெரிஞ்சிருக்கு பாத்தியளா கொழுந்தனாரே? இவ இன்னும் சாப்பிடலன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் பஸ்ஸுல போறவனுக்கெல்லாம் போட்டுட்டு, எனக்குக் கடைசி எல வச்சிருக்காக."

நான் தலையைக் குனிந்துகொண்டு மோர் ஊற்றினேன்.

இரண்டு வாரம் கழித்து என் வண்டி ஓடியது. பாதி என் வண்டி, பாதி அவன் வண்டி, முன்னால் அவனுடைய ஹாரன். ஞானதிரவியம் நாலு தடவை அடித்துப் பார்த்தான், அடித்தொண்டையில் கமறுகிற அதே குரல், தெருவில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டார்கள். மைனி ஒரு டிரங்குப் பெட்டியோடு பின்சீட்டில் ஏறினாள். வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தென்காசியில் அவள் அத்தான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாங்கள் காலைக் கழுவுமுன்பே இலை போட்டுவிட்டார். அவியல், புளிக்குழம்பு, சேனை வறுவல், எல்லாம் ஆவி பறக்க. மைனி முதல் இலையில் உட்கார்ந்தாள், அக்கா பக்கத்தில், நான் எதிரே. வண்டி வாசலில் வேப்பமரத்து நிழலில் பூட்டி நின்றது, சாவி என் சட்டைப் பையில் இருந்தது. மைனி இரண்டாவது தடவை குழம்பு வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தபோது, வாசலில் ஹாரன் அடித்தது.

ஒரே ஒரு தடவை.

நாங்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு இரண்டாவதற்குக் காத்திருந்தோம். இரண்டாவது வரவில்லை. தெருவில் யாரும் இல்லை, வேப்பம்பழம் பானெட்டில் விழுகிற சத்தம்கூடக் கேட்டது. மைனியின் கை பிசைந்த சோற்றிலேயே நின்றது. கட்டுப் பிரித்த மணிக்கட்டில் புதுத்தோல் சிவந்திருந்தது. முப்பத்தாறு வருடத்துப் பழக்கத்தில் அவள் ஒரு காலை மடக்கி எழுந்திருக்கத் தயாரானதை நான் பார்த்தேன். அக்கா அவள் தோளைத் தொட்டாள். மைனி காலை நீட்டி மறுபடி சம்மணம் போட்டாள்.

"நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல" என்றாள். "இருக்கச் சொல்லுங்க கொழுந்தனாரே."

நான் எழுந்து வாசலுக்குப் போய், வெட்கம் பார்க்காமல், காலி வண்டியிடம் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன். மைனி அத்தானிடம் இன்னும் ஒரு கரண்டி அவியல் கேட்டாள், அப்பளம் கேட்டாள், ரசம் வாங்கி நிதானமாக உறிஞ்சிக் குடித்தாள், மோருக்கும் சோறு போடச் சொன்னாள். அவள் இலையை மடிக்கும்வரை ஹாரன் மறுபடி அடிக்கவில்லை.